கழுகன்பொற்றையில் இரண்டு வானங்கள்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில், கழுகன்பொற்றை என்ற குன்றின் உச்சியில், வான்வழி அறிவிப்பு நிலையம் என்று ஓர் ஓட்டுக் கட்டடம் இருந்தது. அந்தப் பக்கமாகப் பறக்கும் விமானங்களுக்கு எந்த உயரத்தில் போகலாம், எதிரே வேறு விமானம் வருகிறதா என்று வயர்லெஸ்ஸில் சொல்வது அதன் வேலை. உள்ளே ஒரே மேசை. இந்தப் பக்கம் பொன்னப்பன், அந்தப் பக்கம் வேதமாணிக்கம். ஒரே பெட்டியில் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். மத்தியானம் ஒரே பொதியைப் பிரித்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பங்கிட்டுத் தின்றார்கள். நான்கு வருஷத்தில் ஒரு விமானத்துக்கும் கீறல் விழவில்லை. ஒரு காரியம் இவ்வளவு ஒழுங்காக நடப்பது மேலிடத்தின் கண்ணில் அத்தனை நாள் படாமல் இருந்தது அதிசயம்தான்.

பிறகு எல்லைப் போராட்டம் முற்றியது. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், ஒரு சாண் மண்ணும் விடமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். ஊர்வலம், தடியடி, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத அந்த நாட்களில் நிலையத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. வானத்தில் மொழிக் குழப்பம் நேராமல் இருக்க, நிலையத்தின் மேலுள்ள வானம் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. வடக்கு மேசை மலையாளத்தில் பதிவேடு எழுத வேண்டும். தெற்கு மேசை தமிழில் எழுத வேண்டும். விமானிகளோடு இங்கிலீஷில் பேசலாம். இரண்டு மேசைக்காரர்களும் ஒருவரோடொருவர் எந்த மொழியிலும் பேசக் கூடாது.

ஆசாரி ஒருவன் வந்து மேசையை நடுவில் அறுத்தான். ஆளுக்கு இரண்டு கால் கிடைத்தது. அறுபட்ட பக்கத்துக்குச் செங்கல் அடுக்கிக் கொடுத்தார்கள். இன்னொரு வயர்லெஸ் பெட்டியும் வந்தது. வடக்குப் பெட்டியில் பேசும் விமானிக்குத் தெற்குப் பெட்டியில் பேசும் விமானியின் குரல் கேட்காது. அதுதான் அந்தப் பெட்டியின் சிறப்பு என்று அதோடு வந்த காகிதத்தில் எழுதியிருந்தது.

ஒரு மேசை மற்ற மேசைக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டுமானால் சீட்டு எழுத வேண்டும். சீட்டு நிலையத் தலைவர் அருமநாயகத்தின் அறைக்குப் போகும். அவர் அதை மற்ற மொழியில் பெயர்க்கச் சொல்லி, முத்திரை வைத்து, மற்ற மேசைக்கு அனுப்புவார். இரண்டு மேசைக்கும் நடுவே ஆறடி தூரம். சீட்டு போய்ச் சேர இருபது நிமிஷம். அந்த நேரத்துக்குள் விமானம் அறுபது மைல் போயிருக்கும்.

சீட்டைச் சுமந்து போனவள் சுகிர்தபாய். நிலையத்தைப் பெருக்கித் தூத்துவாரி, சுனையிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது அவள் வேலை. முப்பத்தெட்டு வயது. புருஷன் ஜெயதாஸ் அம்பூரியில் ரப்பர் மரங்களில் பால் வெட்டினான், சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவான். குன்றடியில் உள்ள மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் அவளுக்கு இரண்டு எழுத்தும் தெரியும். இங்கிலீஷ் எண்கள் அந்த அறையில் கேட்டுக் கேட்டுப் படிந்திருந்தன. வீட்டில் தமிழில் தொடங்கும் பேச்சு சந்தைக்குப் போகிற வழியில் மலையாளமாக முடியும். எந்த இடத்தில் மாறியது என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

முதல் மாதம் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. விமானிகள் எந்தத் தாலுகாவுக்கு மேல் பறக்கிறார்கள் என்று சொன்னால்தான் அவர்கள் எந்த மேசைக்கு உரியவர்கள் என்று முடிவாகும் என்று இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. ஒரு நாள் ஒரு விமானி உயரம் கேட்டான். வேதமாணிக்கம், "தாலுகாவைச் சொல்லவும்" என்றார்.

"கீழே மேகம். தாலுகா தெரியவில்லை" என்றான் விமானி.

"தாலுகா தெரியாமல் உயரம் தர இயலாது."

"என்னிடம் பதினைந்து நிமிஷத்துக்குத்தான் பெட்ரோல் இருக்கிறது."

"அது எந்தத் தாலுகாவில் தீரும் என்று உத்தேசம்?"

விமானி என்ன சொன்னான் என்பது பதிவேட்டில் இல்லை. அது இங்கிலீஷில் இருந்தாலும் எழுதத் தக்கதாக இல்லை என்று வேதமாணிக்கம் கருதினார். பொன்னப்பன் ஆறடி தூரத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மேக இடுக்கில் அந்த விமானத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, தன் பதிவேட்டில் "வானம் காலி" என்று எழுதினார். அன்று சாயங்காலம் சுகிர்தபாய்க்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வேதமாணிக்கம் போராட்டக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார். தமிழ் மண்ணுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று பாறசாலைச் சந்தையில் பேசினார். பொன்னப்பனும் சளைக்கவில்லை. ஐக்கிய கேரளத்துக்காக அவரும் ஓர் உயிரை வைத்திருந்தார். இரண்டு பேரும் கொடுக்கத் தயாராக இருந்த உயிர்களில் விமானத்தில் போகிறவர்களின் உயிர் அடங்குமா என்று யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை. காலையிலிருந்து மழை மேகம் பொற்றையின் தலையில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் வான்வழித் துறை இயக்குநர் நிலையத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதனால் பதிவேட்டின்படி ஒன்பது மணிக்கே வேலை முடிந்தாலும் சீட்டுக்காகத் தினமும் நிறுத்திவைக்கப்படும் சுகிர்தபாயை அருமநாயகம் ஓட்டிலிருந்து ஒட்டடை அடிக்கச் சொல்லியிருந்தார். அவர் தன் அறையைத் தாழிட்டுக்கொண்டு வரவேற்புரையை உரக்க வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வடக்குப் பெட்டி கரகரத்தது. அளவைத் துறையின் விமானம். எல்லையை எங்கே போடலாம் என்று மேலிருந்து படம் பிடிக்க வந்தது. கீழே மேகம் தவிர எதுவும் தெரியாவிட்டாலும் படம் பிடிப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. பொன்னப்பன் அதற்கு நாலாயிரம் அடி கொடுத்தார். சீட்டு எழுதினார். சுகிர்தபாய் ஒட்டடைக் கம்பைச் சாத்திவிட்டுச் சீட்டை வாங்கினாள். அவள் இரண்டடி வைப்பதற்குள் தெற்குப் பெட்டி பேசியது. தெற்கேயிருந்து வடக்கே போகிற தபால் விமானம். உள்ளே பதினாறு பிரயாணிகள்.

"ஃபோர் தௌசண்ட்" என்றார் வேதமாணிக்கம்.

சுகிர்தபாய் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். நாலாயிரம் என்று பொன்னப்பனின் உருண்டையான எழுத்தில் இருந்தது. அவள் ஓடிப்போய்த் தலைவரின் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நானாக்கும் ஸாரே, சுகிர்தம். அவசரச் சீட்டு."

"'வானம் நமக்குத் தாய்'ண்ணு இப்பத்தான் தொடங்கியிருக்கேன். பெறவு வா."

"ஸாரே, ரெண்டு பிளேனு ஒரே ஒயரத்துல வருது!"

கதவின் கீழே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அருமநாயகம் சீட்டை அதன் வழியே தள்ளச் சொன்னார். தள்ளினாள். சிறிது நேரம் கழித்து அதே வழியில் சீட்டு திரும்பி வந்தது.

"இதுல மலையாளம் மட்டுந்தான் இருக்கு. தமிழ்ப் பெயர்ப்பு எங்க? பெயர்ப்பு இல்லாம முத்திர வச்சா நாளைக்கு இயக்குநர் என்னையில்லா கேப்பாரு."

"பெயர்க்கிய ஆளு லீவுல இல்லியா ஸாரே!"

"அப்ப அந்த ஆளு வாறதுவர பொறு."

உள்ளே உரை மறுபடி தொடங்கியது. வானம் நமக்குத் தாய். தாயின் மடியில் இரு குழந்தைகள்.

சுகிர்தபாய் திரும்பி ஓடிவந்தாள். இரண்டு பாதி மேசைக்கும் நடுவில் நின்றாள்.

"ஸாரே, ரெண்டு பேரும் நாலாயிரந்தான் குடுத்திருக்கிய. ஒண்ணு வடக்கேருந்து வருது, ஒண்ணு தெக்கேருந்து. நேருக்கு நேராக்கும்."

வேதமாணிக்கம் காதைப் பொத்திக்கொண்டார். "சுகிர்தம், அந்த மேசையில நடக்கியது எனக்குத் தெரியப்பிடாது. தெரிஞ்சா நான் குத்தவாளி. சீட்டு வரட்டு, வாசிக்கேன்."

"சீட்டு என் கையில உண்டு. இந்தா வாசியுங்க!"

"முத்திர இல்ல. முத்திர இல்லாத்தது வெறும் பேப்பராக்கும்."

அவள் பொன்னப்பன் பக்கம் திரும்பினாள். "ஸாரே, நீங்களாவது அந்தப் பிளேன மேல போகச் சொல்லுங்க."

பொன்னப்பனுக்கு முகம் வெளுத்திருந்தது. அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. "எந்தினு? என்டெ ஆகாசத்தில் ஒரு பிளேனே உள்ளூ" என்றார். என் வானத்தில் ஒரு விமானம்தான் இருக்கிறது, அதை எதற்கு ஏற்ற வேண்டும் என்று பொருள். சொல்லிவிட்டுப் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தார்.

தெற்குப் பெட்டியில் தபால் விமானி கேட்டான். "மேகத்துக்குள் இருக்கிறேன். எதிரே வேறு விமானம் உண்டா?"

வேதமாணிக்கம் மைக்கைப் பிடித்தார். ஒரு கணம் அவர் கண் பொன்னப்பனின் பெட்டி மேல் போனது. "எங்கள் மேசையின் வானத்தில் இல்லை" என்றார்.

சுகிர்தபாய் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. அவர் தோளை இடித்துத் தள்ளிவிட்டு மைக்கைப் பறித்தாள். வேதமாணிக்கம் அமுக்குவதை நான்கு வருஷமாகப் பார்த்த பித்தளைப் பொத்தானை அமுக்கினாள்.

"எலே! எறங்கு! எதிர ஒரு பிளேனு வருது, எறங்குலே மக்கா, எறங்கு, எறங்கு!"

பெட்டி கரகரத்தது. பிறகு ஓட்டுக்கு மேலே இரண்டு முழக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. கூரை ஓடுகள் கடகடவென்று ஆடின. வடக்கு மேசையின் செங்கல் சரிந்து, மசிக்குப்பி உருண்டு உடைந்தது. அவ்வளவுதான். ஒரு முழக்கம் வடக்கே போனது, மற்றது தெற்கே போனது. இரண்டுக்கும் இடையே நாற்பது ஐம்பது அடிகூட இருக்காது என்று மேகம் விலகிய ஒரு கணத்தில் அதைப் பார்த்த, குன்றின் சரிவில் மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். அவர்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

சுகிர்தபாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  குடிக்கத் தண்ணீர் எடுத்துத் தர அந்த அறையில் வேறு ஆள் இல்லை. தண்ணீர் எடுத்துத் தருவது அவள் வேலை. இரண்டு அதிகாரிகளும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வடக்குப் பதிவேட்டில் மலையாளத்திலும் தெற்குப் பதிவேட்டில் தமிழிலும் ஒரே வாசகம் எழுதப்பட்டது: "பதினொரு மணி. வானம் காலி."

தபால் விமானம் திடீரென்று விழுந்ததில் ஒரு பிரயாணிக்குக் கை ஒடிந்தது. அவர் ஒரு சட்டசபை உறுப்பினரின் மைத்துனர். அது மட்டும் இல்லாதிருந்தால் விசாரணை என்ற ஒன்றே வந்திருக்காது. அதற்குள் சுகிர்தபாய் மைக்கில் கூவினாள் என்ற பேச்சும் ஊரில் பரவியிருந்தது.

மூன்று வாரம் கழித்து விசாரணை அதிகாரி மோகனன் இரண்டு குமாஸ்தாக்களோடு பொற்றைக்கு வந்தார். விசாரணை நிலையத்திலேயே நடந்தது. சுகிர்தபாய்க்குப் பதில் ஆள் இன்னும் போடவில்லை. ஆகவே அவளே காலையில் அறையைத் தூத்து, நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டு, பிறகு கையைக் கழுவிக்கொண்டு குற்றவாளி நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றாள். பத்தரைக்கு விசாரணையை நிறுத்தி அவளைச் சாயா போடச் சொன்னார்கள். மத்தியானம் அவர்கள் தின்ற கோழியின் எலும்புகளை அவள் வாரினாள். மோகனன் பல்லில் மாட்டிய இறைச்சி நாரை விசாரணைக் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்து எடுத்தார். கிழித்த துண்டை அவள் முன்னாலேயே தரையில் போட்டார்.

முதல் கேள்வி இரண்டு விமானங்களுக்கும் ஒரே உயரம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். மூன்று நாளும் அந்தக் கேள்வி வரவே இல்லை.

"நீ மைக்கில் பேசியது எந்த மொழி?" என்றார் மோகனன்.

"நான் கூவினேன் ஸாரே."

"எந்த மொழியில் கூவினாய்?"

"எறங்குண்ணு சொன்னேன்."

குமாஸ்தாக்கள் இருவரும் எழுதுவதை நிறுத்தினார்கள். ஒருவர், அது தமிழ் என்றார். மற்றவர் எழுந்து நின்று, தன் தாயார் தன்னைக் கட்டிலிலிருந்து இறங்கச் சொன்ன சொல்லும் அதுவே, தன் தாயார் சுத்த மலையாளி என்றார். இது சிக்கலாகிவிட்டது. தமிழாக இருந்தால் அவள் போராட்டக்காரி. மலையாளமாக இருந்தால் தெற்கு மேசையின் வானத்தில் அத்துமீறியவள். இரண்டுமாக இருந்தால் எந்தப் பிரிவின் கீழ் தண்டிப்பது என்று சட்டத்தில் இல்லை. நெய்யாற்றின்கரைப் பள்ளியிலிருந்து இரண்டு பண்டிதர்களை வரவழைத்தார்கள். அவர்கள் ஒரு நாள் முழுக்க 'இறங்கு' என்ற சொல்லை ஆராய்ந்தார்கள். சாயங்காலம் ஒருவர் மற்றவரின் வேட்டியைப் பிடித்து இழுக்கும் அளவுக்கு ஆராய்ச்சி முன்னேறியது.

இதற்கிடையே இரண்டு போலீஸ்காரர்கள் அவள் வீட்டைச் சோதித்தார்கள். வயர்லெஸ் ஏதும் கிடைக்கவில்லை. ஒரு தமிழ் ஞானப்பாட்டுப் புத்தகமும், ஒரு மலையாளப் பஞ்சாங்கமும் கிடைத்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அம்பூரியிலிருந்து வந்திருந்த ஜெயதாஸ் பயந்து போனான்.

"எதுக்கு பிள்ளே நமக்கு இந்த வேண்டாத்த சோலி? ஸார்மாருக்க காரியத்துல நீ எதுக்குக் கேறின?"

"பதினாறு பேரு இருந்தாவ அதுல."

"ஆரு அது? நமக்குத் தெரிஞ்சவனா?"

"தெரிஞ்சவனா இருந்தாத்தான் கூவணுமா?" என்று கேட்டாள்.  மறுநாள் காலையில் ஜெயதாஸ் பஸ் ஏறுவதற்கு முன் அவளுக்குப் பிடித்த அயலை மீன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் தபால் விமானி வந்தார். கேப்டன் எலியா, நாசரேத்துக்காரர். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பலாமரத்தடியில் நின்றவர், தண்ணீர்க் குடத்தோடு ஏறிவந்த சுகிர்தபாயைக் கண்டதும் குரலிலேயே அடையாளம் தெரிந்துகொண்டார். யாரையோ வழியை விட்டு விலகச் சொல்லி அவள் சத்தம் போட்டிருந்தாள்.

"நீங்கதானாம்மா அது?" என்றார். கண் நிறைந்துவிட்டது. "எங்க அம்மையைத் தவிர என்னை யாரும் எலேன்னு கூப்பிட்டதில்ல. அந்தச் சத்தத்தக் கேட்டதும் கை தானா விமானத்தக் கீழ அமுக்கிட்டு. கண்ணாடிக்கு மேல எதிர வந்த விமானத்துச் சக்கரத்தப் பாத்தேன். நீங்க கூவலேன்னா எங்க பிள்ளைக இன்னைக்கு அனாதைக."

"உள்ள வந்து அத அப்பிடியே சொல்லுங்க ஸாரே. அது போரும்."

"சொல்லாம பின்ன?" என்றார்.

உள்ளே போனதும் மோகனன் அவரிடம் ஒரு விதியை வாசித்துக் காட்டினார். அதிகாரம் பெறாத குரலுக்குக் கீழ்ப்படியும் விமானியின் உரிமம் பறிக்கப்படும். வாசித்துவிட்டு, "கேப்டன், நீங்கள் ஏன் இறங்கினீர்கள்?" என்று இனிமையாகக் கேட்டார்.

எலியா தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சுகிர்தபாய் நின்ற பக்கம் பார்க்கவில்லை. "காத்துல ஒரு பள்ளம்" என்றார். "விமானம் தானாவே விழுந்துட்டு."

"குரல் ஏதாவது கேட்டதா?"

"மழைச் சத்தந்தான் கேட்டுது."

 சுகிர்தபாய் வெளியே போய், பலாமரத்தடியில் குனிந்து, காலையில் குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி தன் இடத்தில் நின்றாள். விசாரணை நேரத்தில் அனுமதி பெறாமல் வெளியே போனாள் என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

வேதமாணிக்கமும் பொன்னப்பனும் வாக்குமூலம் கொடுத்தார்கள். தனித்தனி மொழியில், தனித்தனி காகிதத்தில், ஒரே காற்புள்ளிகளோடு. எதுவும் கேட்கவில்லை, எதுவும் பார்க்கவில்லை, விதி எதுவும் மீறப்படவில்லை. அருமநாயகம் நீண்ட உரையாற்றினார். இயக்குநர் வராமல் போனதால் அந்த வரவேற்புரை வீணாகாமல் இங்கே பயன்பட்டது.

"வானம் நமக்குத் தாய்" என்று தொடங்கினார். "இரண்டு விமானங்களும் மோதவில்லை என்பதைக் கனம் அதிகாரி கவனிக்க வேண்டும். மோதாததற்குக் காரணம் நிர்வாகம். ஒருவேளை மோதியிருந்தால் அதற்குக் காரணம் வானிலையாக இருந்திருக்கும். நான் சர்க்கார் உத்தியோகத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். இதுவரை முத்திரை இல்லாத ஒரு காகிதத்தையும் நான் வாசித்ததில்லை. அன்றும் வாசிக்கவில்லை. என் கடமையிலிருந்து நான் ஓர் அங்குலமும் விலகவில்லை என்பதற்கு என் அறையின் உள்தாழ்ப்பாளே சாட்சி."

மோகனன் கண் கலங்கினார். பிறகு தீர்ப்பைச் சொன்னார்.

"இந்தத் தேசம் மொழியால் பற்றி எரியும் காலத்தில், ஆறடி அறைக்குள் இரண்டு மொழிகள் ஒன்றோடொன்று உரசாமல் காத்த நிலையம் இது. விமானங்கள் உரசினவா என்பது அதற்கு அடுத்தபடியான கேள்வி. அதற்கும் பதிவேடுகள் பதில் சொல்கின்றன. வடக்கு வானத்தில் அன்று ஒரு விமானம் இருந்தது. தெற்கு வானத்தில் ஒரு விமானம் இருந்தது. எந்த வானத்திலும் இரண்டு விமானம் இல்லை. ஆகவே ஆபத்து இல்லை. ஆபத்து இல்லாததால் எச்சரிக்கையும் இல்லை. எச்சரிக்கை இல்லாததால் குரலும் இல்லை."

"அப்ப நான்?" என்றாள் சுகிர்தபாய்.

மோகனன் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "உன் வேலை நேரம் ஒன்பது மணியோடு முடிகிறது. பதினொரு மணிக்கு நீ இங்கே இருந்ததாகப் பதிவு இல்லை."

"தலைவரு ஸார் தான நிக்கச் சொன்னாரு!"

அருமநாயகம் ஓட்டைப் பார்த்தார். அவள் அடித்ததில் ஒட்டடை இல்லாமல் சுத்தமாக இருந்தது.

இறுதி உத்தரவு ஒரு வாரத்தில் வந்தது. ஒட்டடை அடிக்கும் சிறப்புப் பணி நடந்த நாளில், பதினொரு மணிக்கு, பணியிடத்தில் இல்லாத குற்றத்துக்காகச் சுகிர்தபாய் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். மொழி நல்லிணக்கத்தைக் காத்ததற்காக இரண்டு மேசைக்கும் நற்சான்று வந்தது. அளவை விமானம் எடுத்த நாற்பது மேகப் படங்களும் எல்லைக் கோப்பில் சேர்க்கப்பட்டன. புதிதாகத் தூப்புக்காரி வேலைக்கு விளம்பரம் செய்தபோது, தமிழோ மலையாளமோ தெரியாதவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் அப்படி யாரும் அகப்படவில்லை. கடைசியில் காது கேட்காத ஒரு கிழவனை வைத்துக்கொண்டார்கள்.

சுகிர்தபாய் அண்டி ஆபீஸ் என்ற முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கப் போனாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்தது. அங்கே கூடவேலை செய்தவர்கள் முதலில் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். பிறகு நம்புவதை நிறுத்தினார்கள். உத்தரவில் வேறு மாதிரி இருக்கிறதாமே என்றார்கள்.

மறு வருஷம் நவம்பர் முதல் தேதி எல்லை முடிவானது. விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கழுகன்பொற்றையும் கேரளத்தில் நின்றன. வானத்தை மறுபடி ஒன்றாக்கி, தெற்கு மேசையை ஒழித்து உத்தரவு வந்தது. தெற்கு மேசைக்காரர் வேலையில் நீடிக்க வேண்டுமானால், தாய்மொழி மலையாளம் என்று அயலார் நான்கு பேரிடம் ஒப்பு என்னும் கையெழுத்து வாங்கிவர வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சுகிர்தபாய் வீட்டுக்கு வந்து மீன் அரிந்துகொண்டிருந்தபோது, வாசலில் வேதமாணிக்கம் நின்றார். வேட்டியை மலையாளிகளைப் போல உடுத்தியிருந்தார். கையில் ஒரு காகிதம்.

"சுகிர்தம், சுகந்தன்னே?" என்று மலையாளத்தில் நலம் கேட்டார்.

அவள் அரிவாள்மணையிலிருந்து எழாமலே அவரைப் பார்த்தாள். "என்ன காரியம் ஸாரே?"

அவர் காகிதத்தை நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வாசித்தாள். மேற்படி வேதமாணிக்கத்தை நான் பல வருஷமாக அறிவேன், அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லையும் நான் கேட்டதில்லை என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. கீழே நான்கு கோடுகள். ஒன்றிலும் பெயர் இல்லை.

"ஒரு ஒப்பு போரும், மக்கா" என்றார் வேதமாணிக்கம். அவசரத்தில் மலையாளம் நின்றுவிட்டது. "எனக்குப் பிள்ளைய உண்டு. பொன்னப்பன் எனக்கு ஒப்பு போட மாட்டேன்ணு சொல்லிட்டாரு. நீ படிச்சவ. நிலையத்துல கூட இருந்தவ. ஒனக்க ஒப்புக்கு ஒரு மதிப்பு உண்டு."

சுகிர்தபாய் காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். "போடுதேன் ஸாரே. அதுக்கு முன்ன ஒரு காரியம் சொல்லும். அண்ணைக்கு நான் மைக்கில கூவினத நீரு கேட்டீரா இல்லியா?"

வேதமாணிக்கம் சுற்றிலும் பார்த்தார். வேலிக்கு அப்பால் யாரும் இல்லை. முற்றத்தில் மீன் தலைக்காகக் காத்து ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அவர் வாயைத் திறந்தார்.  பூனையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அது... ரெக்கார்டுல இல்லியே, சுகிர்தம்."

அவள் காகிதத்தை இரண்டாக மடித்தாள். அதில் அவளுடைய விரலின் மீன்வாடையும் முந்திரி எண்ணெயின் கறையும் ஒட்டின. அதை அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"அப்ப நானும் ரெக்கார்டுல இல்ல ஸாரே. இல்லாத்தவ எப்பிடி ஒப்பு போடுவா?"

அவள் திரும்ப அரிவாள்மணையில் உட்கார்ந்து, மீனின் வயிற்றைக் கீறிக் குடலை வெளியே இழுத்தாள்.  வேதமாணிக்கம் படியிறங்கி அடுத்த வீட்டுக்குப் போனார். சாயங்காலத்துக்குள் அவருக்கு நான்கு ஒப்புகளும் கிடைத்துவிட்டன. ஒன்று அருமநாயகத்துடையது. அதற்கு முத்திரையும் இருந்தது.